மந்தை யாருக்குச் சொந்தம்? பொது இடத்தைப் பகிர்ந்துகொள்ள ஒரு பாடம்



சேமிப்பு, கடன் திருப்பம், வங்கிக் கணக்கு, பதிவேடு பராமரிப்பு என்று பல பாடங்களைப் பார்த்துவிட்டோம். இந்த இதழில் கொஞ்சம் வேறான பாடம். சித்தையன்கோட்டையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் குழுக் கூட்டத்துக்கு நாங்கள் வரும்போது, வரவு செலவு முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகு, அடிக்கடி ஒரு பேச்சு கிளம்புகிறது.

"நெல்லு காயப்போட எடமில்ல. போட்டா பசங்க பந்து வந்து விழுகுது" என்பார் ஒரு அக்கா. "ஆட்டை எங்கிட்டு மேய்க்கிறது? இருந்த புல்லுத்தரைல செட்டு போட்டுட்டாங்க" என்பார் இன்னொருவர். "எம் மக கபடி நல்லா ஆடுவா. பள்ளிக்கூடம் விட்டு வந்தா ஆட ஒரு எடம் கிடையாது" என்பார் மூன்றாமவர்.

கேட்பதற்கு மூன்றும் வேறு வேறு பிரச்சனை போலத் தெரியும். உண்மையில் ஒன்றுதான். இருப்பது ஒரு பொது இடம், அதைக் கேட்பவர்கள் பலர். இந்த ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சண்டை தீரும். மீதியை எப்படித் தீர்ப்பது என்பதுதான் இந்தப் பாடம்.

1. புறம்போக்கு என்றால் என்ன?

இன்று இந்தச் சொல்லை வசவாகப் பேசுகிறோம். அது வசவுச் சொல் அல்ல, வருவாய்க் கணக்குச் சொல். தீர்வை போடும் நிலக் கணக்குக்குப் புறம்பாக, ஊர்ப் பயனுக்காக ஒதுக்கப்பட்ட நிலமே புறம்போக்கு. வரி இல்லை என்பதால் கேட்பாரில்லை என்று அர்த்தம் ஆகாது. நமக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லிப் பார்ப்போம்:

- மேய்க்கால் புறம்போக்கு: ஆடு மாடு மேய்வதற்கு
- களம்: கதிரடிக்க, தானியம் காயப்போட
- மந்தை: மாடுகள் கூடும் இடம், ஊர் கூடும் இடம், திருவிழா நடக்கும் இடம்
- குளம், கண்மாய், ஊருணி, ஓடை, வாய்க்கால்: நீர்நிலைப் புறம்போக்கு
- வண்டிப்பாதை, சுடுகாடு, இடுகாடு, தோப்பு

நம் பகுதியில் பல ஊர்களில் மந்தைதான் விளையாட்டு மைதானமும். தனியாக மைதானம் என்று பலகை வைத்த இடம் எல்லா ஊரிலும் கிடையாது.

2. பொறுப்பு யாருடையது?

இது தெரியாமல் மனு எழுதினால் ஒரு அலுவலகத்தில் இருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அலைய விடுவார்கள். அதனால் கவனமாகப் படியுங்கள்.

கிராம ஊராட்சி என்றால்: மேய்ச்சல் நிலம், களம், சுடுகாடு, மாட்டு மந்தை, வண்டிப்பேட்டை, தோப்பு ஆகிய புறம்போக்குகளின் பயன்பாட்டை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தை தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 ஊராட்சிக்குக் கொடுத்திருக்கிறது. நிலத்தின் கணக்கு வருவாய்த்துறையிடம் இருக்கும். கிராம சபையில் தீர்மானம் போடலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை கிராம சபை நாட்கள்.

பேரூராட்சி என்றால்: சித்தையன்கோட்டை பேரூராட்சி. ஆகவே இங்கே கிராம சபை கிடையாது. வார்டு கவுன்சிலர், பேரூராட்சி மன்றம், செயல் அலுவலர் ஆகியோரிடம்தான் போக வேண்டும். மன்றக் கூட்டத்தில் உங்கள் வார்டு உறுப்பினர் மூலமாக விஷயத்தைக் கொண்டு வரலாம். பக்கத்து ஊராட்சியில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி "கிராம சபைல பேசி முடிச்சிட்டோம்" என்று சொன்னால், அந்த வழி நமக்கு அப்படியே பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்.

நீர்நிலை என்றால்: பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத்துறையிடமும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். (முன்பு பொதுப்பணித்துறை என்று சொன்னோம். 2021-ல் நீர்வளத்துறை தனியாகப் பிரிந்தது.)

இன்னும் ஒன்று. திறந்து கிடக்கும் இடமெல்லாம் புறம்போக்கு இல்லை. கோயில் நிலம் இந்து சமய அறநிலையத்துறையின் கண்காணிப்பிலும், பள்ளிவாசல், தர்கா நிலம் வக்ஃபு வாரியத்தின் கண்காணிப்பிலும் வரும். தனியார் பட்டா நிலமும் வேலியில்லாமல் கிடக்கலாம். எது எது என்று தெரிந்த பிறகே வாயைத் திறக்க வேண்டும்.

3. ஒரு மந்தை, பல தேவை

நம் பகுதி மந்தைகளில் காணும் காட்சிகளை ஒன்றாகச் சேர்த்து, ஒரு மந்தையாக வைத்துப் பார்ப்போம். பரப்பு ஒன்றரை ஏக்கர், அதாவது 150 சென்ட் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு நாளில்:
- காலை 5 முதல் 6 மணி: நடைப்பயிற்சிக்கு வரும் பெண்கள், பெரியவர்கள்
- காலை 8 முதல் மாலை 4 மணி: தானியம், மிளகாய், எருவாட்டி காயப்போடுவோர், ஆடு மாடு கட்டுவோர்
- மாலை 4 முதல் 6.30 மணி: பையன்களின் கிரிக்கெட்
- இரவு 8 மணிக்கு மேல்: குடிப்பவர்கள். மறுநாள் காலையில் உடைந்த பாட்டில்

ஒரு வருடத்தில்:
- தை, மாசி: நெல் அறுவடை. அதே தையில் பொங்கல் விளையாட்டுப் போட்டி
- பங்குனி முதல் வைகாசி வரை: திருவிழா, பந்தல், மைக் செட், முளைப்பாரி. அதே நேரம் பள்ளிக்கூட லீவு
- ஐப்பசி, கார்த்திகை: மழை. பாதி இடத்தில் தண்ணீர் நிற்கும்

இந்தப் பட்டியலைப் போட்டுப் பார்த்தால் ஒன்று விளங்கும். இடம் பற்றாமல் சண்டை வருவதை விட, நேரம் மோதுவதால் வரும் சண்டைதான் அதிகம். தை மாதம் மாலை நாலரை மணிக்கு நெல்லும் பந்தும் ஒரே இடத்தில் நிற்கின்றன. நெல் அள்ளும் அக்காவும் கெட்டவர் இல்லை, பந்தடிக்கும் தம்பியும் கெட்டவன் இல்லை. பேசி வைத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

சில மோதல்கள் அப்படி இல்லை. ஒருவர் ஓரமாகப் படப்பு போடுகிறார். மறுவருடம் அதைச் சுற்றி முள்வேலி. அதற்கடுத்த வருடம் தகரச் செட். இதற்கு நேரம் மாற்றிக்கொடுக்க முடியாது. இது பகிர்வு இல்லை, பறிப்பு. பகிர்வுக்கு ஒரு வழி, பறிப்புக்கு வேறு வழி. இரண்டையும் குழப்பக் கூடாது.

4. பட்டியலில் இல்லாதது யார்?

மேலே உள்ள பட்டியலை மறுபடியும் படியுங்கள். பொம்பளைப் புள்ளைகள் எங்கே?

பையன்கள் விளையாடுகிறார்கள், ஆண்கள் சீட்டாடுகிறார்கள், பெண்கள் வேலை செய்கிறார்கள். முளைப்பாரி நேரத்தில் கும்மி கொட்டுகிற சில இரவுகள்தான் மந்தை நமக்கு விளையாட்டு இடம். மற்ற நாளில் பத்து வயது தாண்டிய பெண் பிள்ளை மந்தையில் நின்றாலே "என்ன வேலை இங்க?" என்று கேள்வி.

"வெளையாட்டு ஒரு அத்தியாவசியமா மேடம்? தண்ணி, ரோடு கேக்கணும்ல?" என்று நீங்கள் கேட்கலாம். தண்ணீரும் கேட்போம். ஆனால் ஓடியாடும் பிள்ளைக்கு உடம்பு வலுக்கிறது, கூட்டத்தில் பேச வருகிறது, நாலு பேரோடு சேர்ந்து முடிவெடுக்க வருகிறது. நாம் குழுவுக்கு வந்து முப்பது வயதில் கற்றுக்கொண்டதை அவள் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொள்கிறாள்.

அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், அதாவது 96 சதுர மீட்டர். ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். இரண்டரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும்! சுற்றி நிற்க இடம் விட்டாலும் ஐந்து சென்ட் போதும். 150 சென்ட்டில் 5 சென்ட், வாரம் மூன்று மாலை. இதைக் கேட்பது பெரிய கேள்வி இல்லை. இதுவரை யாரும் கேட்கவில்லை என்பதுதான் விஷயம்.

காலனிப் பிள்ளைகளையும் இங்கே நினைக்க வேண்டும். பெயருக்குப் பொது மந்தை. ஆனால் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் வந்து விளையாட முடிகிறதா? குளம், கிணறு, படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கு சாதி, மதம், ஆண் பெண் என்ற பேதம் காட்டித் தடை போடக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15-வது பிரிவு சொல்கிறது. ஒரே வாக்கியத்தில் சாதிக்கும் பெண்ணுக்கும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். நமக்கு மட்டும் கேட்டு, அடுத்த தெருவுக்குக் கேட்காமல் விட்டால் நம் கேள்விக்கு பலம் இல்லை.

5. நீதிமன்றம் சொன்னது

பஞ்சாப் மாநிலம் பாட்டியாலா மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் குளத்தைச் சிலர் மண் போட்டு மூடி வீடு கட்டினார்கள். வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. ஜக்பால் சிங் வழக்கு என்று அதற்குப் பெயர். 2011 ஜனவரி 28-ல் தீர்ப்பு வந்தது.

அந்தத் தீர்ப்பில் நீதிபதிகள், காலம் காலமாகக் கிராமத்தார் பொது நிலத்தை எதெதற்குப் பயன்படுத்தினார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார்கள். மாடு தண்ணீர் குடிக்க, தானியம் வைக்க, மேய்க்க, கதிரடிக்க, பிள்ளைகள் விளையாட, திருவிழா நடத்த, வண்டி நிறுத்த, இறந்தவரை அடக்கம் செய்ய. பிள்ளைகள் விளையாடுவதையும் மேய்ச்சலுக்கும் களத்துக்கும் சமமாக வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். தென்னாட்டுப் புறம்போக்கையும் களத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றும், பல வருடமாக இருக்கிறேன், நிறைய செலவு செய்து கட்டிவிட்டேன் என்பதெல்லாம் காரணம் ஆகாது என்றும் சொன்னார்கள்.

அதே தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கோ, தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கோ அரசு முறைப்படி கொடுத்திருந்தால், அல்லது அங்கே ஏற்கெனவே பள்ளிக்கூடம், மருத்துவமனை போன்ற பொதுக் கட்டடம் இருந்தால், அதைத் தனியாகப் பார்க்கலாம். ஆகவே ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் கைம்பெண்ணையும், முப்பது சென்ட் வளைத்து செட் போட்டவரையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அந்த அக்காவுக்கு மாற்று வீட்டுமனை கேட்டு மனு எழுதுவதும் நம் குழுவின் வேலைதான்.

6. பகிர்ந்து வாழ்ந்தவர்களிடம் கற்போம்

சுவிட்சர்லாந்தில் டோர்பல் என்று ஒரு மலைக்கிராமம். அங்கே 1517-லேயே ஒரு விதி எழுதி வைத்தார்கள். குளிர்காலத்தில் சொந்தத் தீவனத்தில் எத்தனை மாட்டைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாட்டை மட்டும்தான் கோடையில் பொது மேய்ச்சல் மலைக்கு ஓட்டலாம். இருப்பவன் வெளியில் இருந்து நூறு மாடு வாங்கி விட்டு, இல்லாதவன் புல்லைத் தின்ன வைக்க முடியாது.

இப்படிப்பட்ட ஊர்களை உலகம் முழுக்க ஆராய்ந்தவர் எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி. 2009-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண் அவர்தான். பொது நிலத்தை அரசாங்கம் பூட்டிவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தனியாருக்கு விற்க வேண்டும், வேறு வழியே இல்லை என்று பலர் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை, பயன்படுத்துகிறவர்களே கூடி விதி வைத்து நன்றாகக் காக்க முடியும், காத்தும் இருக்கிறார்கள் என்று அவர் காட்டினார்.

இது நமக்குப் புதிதா? கண்மாய்த் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவர்கள் நம் முன்னோர். நீர்க்கட்டி என்று ஒருவரை வைத்து, அவருக்கு அறுவடையில் பங்கு கொடுத்தார்கள். தண்ணீரை முறை வைத்துப் பகிரத் தெரிந்த ஊருக்கு மந்தையைப் பகிரத் தெரியாதா?

7. செய்ய வேண்டிய படிகள்

படி 1: கோலமாவு வரைபடம். குழுவில் உட்கார்ந்து தரையில் கோலமாவால் மந்தையை வரையுங்கள். எல்லை, மரம், கோயில், பாதை, தண்ணீர் நிற்கும் பள்ளம், ஆக்கிரமிப்பு எல்லாவற்றையும் குறியுங்கள். புளியங்கொட்டை ஆட்டுக்கு, கூழாங்கல் களத்துக்கு, இலை விளையாட்டுக்கு என்று வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆத்தாவுக்குத்தான் பழைய எல்லை நன்றாகத் தெரியும். அவரை முன்னால் உட்கார வையுங்கள்.

படி 2: காகிதம். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடும் புலப்படமும் இருக்கும். சர்வே எண், பரப்பு, என்ன வகைப் புறம்போக்கு என்று அதில் தெரியும். தமிழக அரசின் நில ஆவண இணையதளத்திலும் பார்க்கலாம். கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும்.

படி 3: எல்லாரையும் கூப்பிடுங்கள். நாம் மட்டும் பேசி முடிவெடுத்தால் அது நம் முடிவு, ஊர் முடிவு ஆகாது. கிரிக்கெட் பையன்கள், ஆடு வளர்ப்போர், களம் பயன்படுத்துவோர், விழாக் குழு, எல்லாத் தெருவில் இருந்தும் ஆள். பெண் பிள்ளைகளையும் உட்கார வையுங்கள். அவர்களே வாய்விட்டுச் சொல்லட்டும்.

படி 4: விதி குறைவாக இருக்கட்டும். பத்து விதி யாருக்கும் நினைவில் நிற்காது. மாதிரிக்கு ஐந்து:
- தை, மாசியில் கோயிலுக்குக் கிழக்குப் பக்கம் களத்துக்கு. மாலை 5 மணிக்குள் தானியத்தை அள்ளிவிட வேண்டும்.
- வாரம் மூன்று மாலை, 4.30 முதல் 6 வரை, வடக்கு மூலை பெண் பிள்ளைகளுக்கு. அங்கே வேறு ஆட்டம் கிடையாது.
- ஆடு மாடு காலையில் மேயலாம். விளையாடும் பகுதியில் முளைக்குச்சி அடிக்கக் கூடாது.
- பந்தல் போட்டவர் குழியை மூடி, குப்பையை அள்ளி, மூன்று நாளில் இடத்தை ஒப்படைக்க வேண்டும்.
- நிரந்தரமாக எதையும் யாரும் கட்டக் கூடாது. இது நம் குழுவுக்கும்தான்.

கடைசி விதியை இன்னொரு தரம் படியுங்கள். "குழுவுக்குக் கட்டடம் வேணும், மந்தை ஓரமா பத்து சென்ட் கேப்போம்" என்ற பேச்சு நம் கூட்டத்திலும் வருகிறது. கட்டடம் நல்லதுதான். ஆனால் விளையாடும் தரையைத் தின்று வர வேண்டுமா? ஏற்கெனவே உள்ள அரசுக் கட்டடத்தில் ஒரு அறை கேட்கலாமே.

படி 5: மீறினால் என்ன? முதல் தடவை எடுத்துச் சொல்வது. இரண்டாம் தடவை எல்லார் முன்னிலையிலும் சொல்வது. மூன்றாம் தடவை மந்தையைக் கூட்டிப் பெருக்க வைப்பது. எடுத்த எடுப்பிலேயே பெரிய அபராதம் போட்டால் பகைதான் மிஞ்சும்.

படி 6: முத்திரை. ஊரில் பேசியதை கிராம சபையிலோ பேரூராட்சி மன்றத்திலோ தீர்மானமாக்கி நகல் வாங்குங்கள். ஆக்கிரமிப்பு என்றால் நாமே போய் வேலியைப் பிடுங்கக் கூடாது. அது அடிதடியில் முடியும், வழக்கு நம் மேல் வரும். தாசில்தாருக்கு எழுத்தில் கொடுங்கள். நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905-ன்படி அறிவிப்பு கொடுத்து விசாரித்து அகற்ற வேண்டியது வருவாய்த்துறை. ஜமாபந்தியிலும், திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளிலும் கொடுக்கலாம். மனு கொடுத்த ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

8. கண்மாய் மட்டும் தனி

கோடையில் கண்மாய் காய்ந்தால் பையன்கள் உள்ளே இறங்கி விளையாடுவார்கள். ஆடும் மேயும். தண்ணீர் வந்தால் எல்லாரும் வெளியேறுவார்கள். இதில் தவறில்லை. ஆனால் "மைதானம் ஆக்குறோம்" என்று மண்ணடித்து மேடாக்கினால் அது நீர்நிலையை அழிப்பது. நல்ல காரியத்துக்கு என்றாலும் அதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். கண்மாய்களைக் காக்க 2007-ல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மலையடிவாரம், தண்ணீர், பறவைகள் என்று லீவு நாளில் பார்க்க வருபவர்கள் உண்டு. அதே தண்ணீர்தான் திண்டுக்கல் நகரத்துக்குக் குடிநீர். வருகிறவர்கள் வரட்டும், பிள்ளைகளுக்கும் காட்டுங்கள். ஆனால் சாப்பிட்ட இலையும் பாட்டிலும் அங்கே கிடந்தால் யாரோ ஒரு வீட்டுக் குடத்துக்குத்தான் அது போகும். ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. குழுவாகச் சுற்றுலா போகும்போது தூக்குவாளியும் துணிப்பையும் கொண்டு போவதை நாமே வழக்கமாக்கலாம்.

குழுவில் விவாதிக்க

1. நம் ஊர் மந்தையின் பரப்பு எவ்வளவு? பத்து வருடத்துக்கு முன் எவ்வளவு இருந்தது?
2. அதை யார் அதிகம் பயன்படுத்துகிறார்கள்? யார் வரவே இல்லை? ஏன்?
3. நம் குழு உறுப்பினர் வீடு எதுவாவது பொது இடத்தில் நீட்டிக்கொண்டிருக்கிறதா? (இதைக் கோபமில்லாமல் பேசுங்கள். ஊரைக் கேட்கும் முன் நம்மைக் கேட்க வேண்டும்.)
4. பெண் பிள்ளைகள் விளையாடும்போது கூட இருக்க வாரம் ஒருநாள் யார் வர முடியும்?

அடுத்த கூட்டத்துக்குள் செய்ய

ஊக்குநர்கள் கோலமாவு வரைபடத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். மந்தையின் சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி வாருங்கள். உங்கள் தெருவில் விளையாட விரும்பும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணி வாருங்கள். மூன்றும் கையில் இருந்தால், கூட்டமைப்புக் கூட்டத்தில் மனு எழுதும் வேலையை நாம் சேர்ந்தே தொடங்கலாம்.